தங்கையின் ஹெர்2 பரிசோதனை குறித்து அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தக்கலையைச் சேர்ந்தவர்கள். 33 வயதான என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது திசுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது.

அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் இல்லை என்றும், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 அளவு 60 சதவீதம் என்றும், சில மார்பகப் புற்றுநோய் செல்களில் அதிகமாக இருக்கும் புரதமான ஹெர்2 '2+' என்றும் உள்ளது. 2+ என்பது இரண்டுங்கெட்டான் நிலை என்பதால், அதே திசுவில் ஃபிஷ் பரிசோதனை (ஹெர்2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகியுள்ளதா என்று பார்ப்பது) செய்தால்தான் ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி பயன்படுமா, அல்லது இளவயதுப் பெண்களிடம் ஒப்பீட்டளவில் அதிகம் காணப்படும், அந்த இரு ஏற்பிகள், ஹெர்2 ஆகிய மூன்றும் இல்லாத வகையா என்பது தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். இரத்தத்தில் மார்பகப் புற்றுநோய்க் குறியீடான சிஏ 15-3 இயல்பாக இருப்பதால் பயமில்லை என உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் தொடக்க நிலையில் அது பலருக்கு உயர்வதே இல்லை என்பதால் அதை நம்பி நாங்கள் எதையும் முடிவுசெய்யவில்லை.

திசு பதிந்த மெழுகு பிளாக்கை மருத்துவமனையிலிருந்து பெற்று, நாகர்கோவிலில் இருந்தோ திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) வழியாகவோ ஃபிஷ் செய்தவர்கள் இருந்தால், எத்தனை நாளில் முடிவு வந்தது, என்னென்ன தாள்கள் கேட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தங்கைக்கு இன்னும் குழந்தை இல்லை. கீமோ சிகிச்சை சினைப்பையைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதற்கு முன்பே கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாத்த சகோதரிகள் யாரேனும் அவளிடம் நேரில் பேச முடியுமா? இந்நோய் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனைக்கு முன் ஆலோசனை பெற்றவர்களும் எழுதுங்கள். எங்கள் சித்திக்கும் இதே நோய் வந்தது. கீமோவுக்கு நாள் குறிக்கும் முன் இவை தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.