மதுரைல மூணு நாள்: ராமேஸ்வரமும் சேத்துப் போகலாமா, ஊருக்குள்ளயே இருக்கலாமா?

வாணி_ஓசூர்:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசில வெள்ளி சனி ஞாயிறு மதுரை வர்றோம். நான், வீட்டுக்காரர், 9 வயசு பையன், கூட மாமனார் மாமியார். மாமனாருக்கு முட்டி வலி இருக்கு, மாமியார் சுத்த சைவம், நாங்க எல்லாம் சாப்பிடுவோம். முதல் நாள் மீனாட்சி அம்மன் கோயிலும் நாயக்கர் மஹாலும், ரெண்டாவது நாள் அழகர்கோயில் பழமுதிர்சோலை திருப்பரங்குன்றம், மூணாவது நாள் விடிகாலைல கார் எடுத்து ராமேஸ்வரம் போய்ட்டு ராத்திரி திரும்பிடலாம்னு நெனச்சிருக்கோம். சரியா வருமா? எங்க சாப்பிடறதுன்னும் சொல்லுங்க.

மாசிவீதி_மணி:
அக்கா, மொதல்ல அந்த ராமேஸ்வரத்த லிஸ்ட்டுல இருந்து எடுங்க. போக 170 கிலோமீட்டர், வர 170, முட்டி வலிக்காரரை நாள் பூரா கார்ல மடக்கி உக்கார வச்சுட்டு அங்க போய் என்னத்த பாப்பீக? மதுரைக்கு வர்றவுக பாதிப்பேரு இப்படித்தான் ஊரை ஒரு லாட்ஜ் ரூம் மாதிரி வச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறாக. பாண்டியர் தலைநகரா இருந்து, சுல்தான்க ஆண்டு, நாயக்கர் ஆண்ட ஊருக்கா, மூணு நாள் அதுக்கே பத்தாது.

இன்னொண்ணு, கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்துனா 4 மணிக்குத்தான் தொறப்பாக. அதனால காலைல வெயிலுக்கு முன்னாடி ஒரு சுத்து, மதியம் சாப்பாடு தூக்கம், சாயங்காலம் மறுபடி ஒரு சுத்து, இதான் இந்த ஊரு கணக்கு. நீங்க வர்றது வெள்ளிக்கிழமைங்கறதால சாயங்காலம் பொற்றாமரைக் குளத்துக்கிட்ட ஊஞ்சல் இருக்கும். அன்னைக்கு ராத்திரியே பள்ளியறை பூஜையும் பாத்துருங்க, சொக்கநாதரோட பாதத்தைப் பல்லக்குல வச்சு அம்மன் சன்னதிக்குக் கொண்டு வருவாக, மேளச் சத்தத்தோட, உங்க மாமியாருக்கு மனசு நெறஞ்சுரும். செல்போன் உள்ள விடமாட்டாக, ரூம்லயே வச்சுட்டு வாங்க.

நெல்லை_பயணி:
மணி சொல்லுதது ஒரு பக்கம்தான் சரி. வாணி மேடம், பெரியவங்களுக்கு ராமேஸ்வரம்னா அது வேற, உங்க பிளான்ல அது எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, கண்டிப்பா அவங்க ஆசையாத்தான் இருக்கும். ஓசூர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு, மூணு மணி நேரத்துல இருக்கற எடத்த விட்டுட்டுப் போனா அடுத்து எப்ப வருவாங்க? பரமக்குடி வரைக்கும் நாலு வழிச்சாலை. 2025ல தொறந்த புது பாம்பன் ரயில் பாலத்தை ரோட்டுப் பாலத்துல இருந்தே பாக்கலாம், பையனுக்குப் பிடிக்கும். பிரகாரத்துல நடந்தாலே போதும், வேற ஒண்ணும் வேண்டாம்.

மாசிவீதி_மணி:
அண்ணே, ராமேஸ்வரத்தை நான் கொறச்சு சொல்லல. அந்தக் கோயிலும் மதியம் 1லேருந்து 3 வரைக்கும் சாத்தியிருக்கும். இவுக 5 மணிக்குக் கெளம்புனாலும் எட்டரை ஆயிரும், ஞாயித்துக்கிழமை கூட்டம் வேற, 22 தீர்த்தமும் ஆடணும்னா ஈரத் தரையில கிணறு கிணறா நடக்கணும். முட்டி வலிக்கு ஆகுமா சொல்லுங்க. அதுக்குத் தனியா ஒரு பயணம் வச்சு ராத்திரி அங்கயே தங்கணும், அதான் அந்த எடத்துக்கு மரியாதை.

யானைமலை_ரவி:
ராமேஸ்வரம் வேண்டாங்கறதுல நான் மணி பக்கம். ஆனா கோயிலைச் சுத்தி இருக்கற மாசி வீதிக்குள்ளயே மூணு நாளும் சுத்தச் சொல்றதை ஒத்துக்க முடியாது. இன்னைக்கு நாம கோயில்ல பாக்குறதுல பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் வேலை. பாண்டியர் தலைநகரைப் பாக்கணும்னா ஊரைச் சுத்தி இருக்கற மலைக்குத்தான் போகணும். ஒத்தக்கடை பக்கத்துல நரசிங்கம் குடைவரை, அதாவது பாறையைக் குடைஞ்சு செஞ்ச கோயில் இருக்கு, யானைமலை அடிவாரம், மலை ஏற வேண்டியதில்ல. பாண்டிய ராஜா பராந்தக நெடுஞ்சடையன்கிட்ட மந்திரியா இருந்த மாறன்காரி 770 வாக்குல வெட்ட ஆரம்பிச்சு, முடியறதுக்குள்ள எறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடிச்சாருன்னு அங்க கல்வெட்டே இருக்கு. 1250 வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் விட்ட வேலையைத் தம்பி எடுத்து முடிச்ச எடத்துல நிக்கறோம்னு பையனுக்குச் சொல்லிப் பாருங்க, மறக்கவே மாட்டான்.

கீழக்குயில்குடி சமணர் மலையும் விடக்கூடாது, அங்க செட்டிப்புடவுங்கற குகைல பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கு. படி ஏறணும், அதனால மாமனாரைக் கீழ தாமரைக் குளத்துப் பக்கம் ஆலமரத்தடியில உக்கார வச்சுட்டு நீங்க மட்டும் ஏறுங்க. அப்புறம் கீழடி அருங்காட்சியகம், 2023ல தொறந்தது, ஊர்ல இருந்து பக்கம்தான்.

மாசிவீதி_மணி:
ரவி அண்ணே, நாயக்கர் வேலைன்னு ஒரே வார்த்தைல ஒதுக்கிட்டீக. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டு சுந்தர பாண்டியன் காலத்துது, நாயக்கர் வர்றதுக்கு முன்னாடி. ஒசரமான தெக்குக் கோபுரம்தான் 1559. சரி, நாயக்கர்னே வச்சுக்குவோம், அதுவும் இந்த ஊரு தலைநகரா இருந்த கதைதானே? திருமலை நாயக்கர் 1636ல கட்டுன அரண்மனைல இப்ப நிக்கிறது நாலுல ஒரு பங்குதான்னு சொல்வாக. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரத் திருச்சிக்கு மாத்துனப்ப இங்க இடிச்சுக் கொண்டுபோனது போக மிச்சம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தூணுங்களுக்கு நடுவுல நின்னு பாருங்க, வயித்தைப் பெசையும்.

தெரு கூட அப்படித்தான். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு மாசப் பேர்ல ஒண்ணைச் சுத்தி ஒண்ணு. கோட்டைச் சுவரை 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க வச்சாரு, அந்த எடத்துல வந்ததுதான் வெளி வீதி. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவருகிட்ட வேலை பாத்தவுக பேரு. ஜிகர்தண்டா குடிக்க எல்லாரும் போற விளக்குத்தூண் அந்த பிளாக்பர்ன் நினைவா வச்சதுதான். இதுக்கு காரும் வேணாம் மலையும் வேணாம், காலை 6 மணிக்கு ஒரு நடை போதும்.

யானைமலை_ரவி:
நடைங்கறீங்க, அவங்க மாமனாருக்கு முட்டி வலி. கார் போய் நிக்கற எடம் நான் சொன்ன நரசிங்கம்தான்.

ஜெயா_சிம்மக்கல்:
நீங்க ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க, அந்தப் பொண்ணு சாப்பாடு கேட்டுச்சு, ஒருத்தரும் சொல்லல. வாணி, மாமியாருக்கு ஒரு கொறையும் வராதும்மா. சாயங்காலம் மேல சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடைல வெள்ளையப்பம் வாங்கிக் குடு. தெக்கு மாசி வீதிப் பக்கம் சௌராஷ்ட்ரா ஆளுக போடுற முள்ளு முருங்கை வடை கெடைக்கும், பச்சையா இருக்கும், மேல பொடி தூவித் தருவாங்க. ராத்திரி சூடா சுக்கும் வெல்லமும் போட்ட பருத்திப்பால், அது மாமனாருக்கும் நல்லது. அழகர்கோயில் போனா பிரசாத தோசையை விட்டுட்டு வராதீங்க, கனமா மொறுமொறுன்னு நெய்வேத்தியம் பண்ணது.

கறி சாப்பிடறவங்களுக்கு கறி தோசை, அயிரை மீன் கொழம்பு, எலும்பு ரோஸ்ட். எல்லாரும் சொல்ற பேர் பெத்த மெஸ்ஸுக்கே போகணும்னு இல்ல, வரிசைல நின்னு பையன் பசியில அழுவான். சிம்மக்கல் பக்கம் சின்ன மெஸ் எதுலயும் ருசி கொறையாது.

நெல்லை_பயணி:
அக்கா, இதுல நான் மாறுபடுதேன். மொத தடவை வர்றவங்க கோனார் மெஸ் கறி தோசை சாப்பிடாம போகக்கூடாது. கீழ தோசை, நடுவுல முட்டை, மேல கொத்துக்கறின்னு கல்லுல போடறதப் பாக்கறதே ஒரு அனுபவம். அரை மணி நேரம் நின்னா என்ன?

வாணி_ஓசூர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே வீட்ல படிச்சுக் காட்டினேன். ராமேஸ்வரம் மாமியார் ஆசைதான், நெல்லை அண்ணா சொன்னது உண்மை. ஆனா தீர்த்தம் ஆடணுமே, ஒரு நாள்ல ஓடிட்டு வந்தா எப்படின்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால ஆடில தனியா போறதா முடிவு. வெள்ளி முழுக்க கோயில், சனிக்கிழமை காலை மஹால் சாயங்காலம் அழகர்கோயில், ஞாயிறு காலை நரசிங்கம், அப்புறம் கீழடி. திருப்பரங்குன்றம் விட்டுப்போகுது, அதான் கஷ்டமா இருக்கு.

மாசிவீதி_மணி:
விட வேண்டாம்க்கா, சனிக்கிழமை மஹாலுக்கு முன்னாடி காலை 6 மணிக்கே பரங்குன்றம் போயிருங்க, ஊர்ல இருந்து கிட்டத்தான், அந்நேரம் கூட்டமும் இருக்காது. அது பாண்டியர் குடைவரைங்கறதால ரவி அண்ணனுக்கும் சந்தோசம். தை பௌர்ணமி அந்த வாரத்துல விழுதான்னு காலண்டர்ல பாருங்க, விழுந்துச்சுன்னா வண்டியூர் தெப்பக்குளத்துல தெப்பம், அன்னைக்கு மத்ததை எல்லாம் தள்ளி வச்சுட்டு அங்க வாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் மெஸ்ஸுக்கு 12.30க்கே போயிருங்க, 2 மணிக்குப் போனா அயிரை மீன் தீந்துரும்.