மார்கழிக் குளிரில் ஆமைக்கு என்ன படுக்கை?

காட்பாடியில் சுல்காட்டா ஆமை வளர்க்கிறோம் (நட்சத்திர ஆமை இல்லைங்க, அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்). மார்கழி பிறந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை ஓட்டுக்குள்ளேயே கிடக்கிறது. செம்பருத்திப் பூவை நீட்டினால்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. குளிர்கால உறக்கம், அப்படியே விடு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஆனால் இது ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வெப்பமான சகேல் பகுதி ஆமை; அந்தப் பழக்கமே இதற்குக் கிடையாது, கதகதப்புதான் வேண்டும்.

சிமெண்ட் தரையில் வைக்கோல் போட்டிருக்கிறேன். பனியில் நமத்துப் பூஞ்சை வாடை அடிக்கிறது. மணல் வேண்டாம், தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். தேங்காய் நார்த்தூள் போட்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை அங்குலம் போடணும்? ராத்திரிக்கு செராமிக் ஹீட்டர் போதுமா? அப்புறம், வேலூர் பக்கம் ஆமைக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் இருந்தால் சொல்லுங்க.