பெயின்ட்பால் மார்க்கரை (பெயின்ட் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) வீட்டில் பிரித்தபோது எங்கே மாட்டியது?

வண்ணை வைஸ்

அமெரிக்க மார்க்கர். ட்ரிக்கர் ஃபிரேமைக் கழற்றணும், அவ்வளவுதான் வேலை. ஸ்க்ரூ தலையில 3 மி.மீ. எல்என் கீ (ஆறு மூலை ஆலன் கீ) போட்டா உள்ளே போகுது. லேசா ஆடுது, ஆனா பிடிக்குது. கால் சுத்து. 'கிர்ர்'னு ஒரு சத்தம், அப்புறம் கீ சும்மா சுத்துது. ஆறு மூலையும் வழிச்சு வட்டக் குழி.

அது ஒரு நூல் கீ போடுற ஸ்க்ரூ. ஒரு நூல்னா 1/8 அங்குலம், 3.175 மி.மீ. அந்த 0.175 இடைவெளியிலதான் மூலை தேயுது. ஒன்றரை நூல் ஸ்க்ரூவுல இந்த ஏமாத்து கிடையாது: அது 4.76, நம்ம 5 மி.மீ. கீ வாசல்லயே நின்னுடும். சுலபமா உள்ளே போற கீயைத்தான் நம்பக் கூடாது.

எடுத்த விதம்: டேங்கை (கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர்) கழற்றி, லைன்ல மிச்சம் இருக்கிற காத்து போகக் குண்டு இல்லாம வெறும் ஷாட் ரெண்டு மூணு. சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில ரெண்டு நிமிஷம் வச்சா மரையில இருக்கிற லாக்டைட் (மரை கழலாம பிடிக்கிற பசை) இளகும். டி20 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டைச் சின்ன சுத்தியால தட்டி இறக்கி, சூடு ஆறுறதுக்குள்ள இடப்பக்கம் திருப்பணும். அந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீங்க. பாரிமுனையில அங்குல கீ செட்னு தனியா கேட்டு வாங்குங்க.

கொருக்குப்பேட்டை லேத்து

கீயாவது போச்சு, ஸ்க்ரூவாவது போச்சு. மரை போனா, காத்தழுத்தத்தைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரே போச்சு.

ஹோஸ் மாட்டுற இடம். "ஒரு நூல் மரை, எல்போ ஒண்ணு குடுப்பா"ன்னு செம்புதாஸ் தெருவுல கேட்டா கையில வர்றது பிஎஸ்பி, பிரிட்டிஷ் பைப் மரை. மார்க்கர்ல இருக்கிறது என்பிடி, அமெரிக்க பைப் மரை. ரெண்டும் 1/8தான் பேரு. ஒண்ணுல அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி. இன்னொண்ணுல 27 மரை, 60 டிகிரி. மூணு சுத்து வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகும். நாலாவது சுத்துல இறுகும். இறுகினதும் 'ஆஹா, டேப்பர் (சரிவு மரை) பிடிச்சுடுச்சு'ன்னு தோணும் பாருங்க, அங்கதான் அலுமினிய மரையைப் பித்தளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.

வெள்ளை டேப்பைச் சுத்தி மூடினா கொஞ்ச நேரம் தாங்கும். சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தா முதல்ல குண்டூசித் தலை அளவுக்கு ஒரே ஒரு குமிழி வரும். ரெண்டு நிமிஷத்துல வரிசையா வரும். அந்த டேப்போட நார் பிஞ்சு உள்ளே போச்சுன்னா வால்வ் சீட்ல உக்காந்துக்கும், அப்புறம் எங்க லீக்குன்னு தேடிக்கிட்டே இருக்கணும். டேப் வேண்டாம். நீல லாக்டைட், முன்னாடி ரெண்டு மரையை விட்டுட்டு, ஒரு சொட்டு. ஒரு ராத்திரி காய விடணும்.

இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. டேங்க் மாட்டுற பெரிய மரை 0.825 அங்குலம், 14 மரை. நம்ம தண்ணி பைப்போட நாலு நூல் (பேருக்கு அரை அங்குலம்) பிஎஸ்பியும் அதே 0.825, அதே 14! கோணம் மட்டும்தான் வேற. அதனால முழுசா ஏறும், கெட்டியாவும் நிக்கும். பைப் ஃபிட்டிங்கை அறுத்து அடாப்டர் பண்ணித் தரச் சொல்லி யார் வந்தாலும் பட்டறையில முடியாதுன்னுதான் சொல்லணும். குழாய்க்கு வார்த்த பித்தளை 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டு) அழுத்தத்துக்கு ஆனது இல்ல.

காசிமேடு காத்து

லேத்து அண்ணே, 850ன்னு எழுதிட்டீங்க. இன்னா ஊரு கணக்கு அது? கார்பன் டை ஆக்ஸைடு 21 டிகிரியிலதான் 850. 30 டிகிரியில 1,050கிட்ட. 31ஐத் தாண்டினா டேங்க்குள்ள திரவமே கிடையாது, எவ்ளோ ரொப்பியிருக்கோ அதுக்கு ஏத்தாப்புல பிரஷர் ஏறிக்கினே போவும். மே மாசம் நம்ம மொட்டை மாடியில 31 எப்போ இருந்துச்சு?

நடந்தது இதான்: காலையில 7 மணிக்கு குரோனோவுல (குண்டு வேகம் அளக்குற கருவி) 275 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 275 அடி, நின்ன மார்க்கர். மதியம் ஒரு மணி வெயில்ல அதே வேக ஸ்க்ரூ, அதே குண்டு, 312. மேல் வரம்பு 300. யாரும் கை வைக்கல, வெயில்தான் கை வச்சுது. வேகத்தைக் காலையில செட் பண்ணி மூடி வெக்கிறது இந்த ஊருக்கு ஆவாது. உச்சி வெயில்ல அஞ்சு ஷாட் சுட்டுப் பாத்து, அதிகமா வர்ற ஷாட் 280 தாண்டாம வெச்சுக்கோ.

வேக ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு அப்பறம் சண்டை வரும், இப்பவே சொல்லிடறேன். டிப்மன் 98 கஸ்டம்ங்கிற மார்க்கர்ல அது காத்துப் பாதையை அடைக்கிற ஸ்க்ரூ: வலப்பக்கம் திருப்புனா வேகம் கொறையும். பின்னாடி ஸ்பிரிங்கை அமுக்குற ஸ்க்ரூ இருக்கிற மார்க்கர்ல வலப்பக்கம் திருப்புனா ஏறும். கால் கால் சுத்தாத்தான் திருப்பணும்.

டேங்க்கை எடை போட்டு ரொப்பு. 20 அவுன்ஸ்னா 567 கிராம். காலி எடையை மார்க்கர் பேனாவால டேங்க் மேலயே எழுதி வை. 'சில்லுன்னு இருக்கு, இன்னும் கொஞ்சம் புடிக்கும்'னு ரொப்பாதே. வெயில்ல வண்டிக்குள்ள வெச்சா பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் எகிறுனா ஒடையற பாதுகாப்புத் தகடு) ஒடையும், அது ஒடையறதுதான் நல்லது.

அப்பறம் யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஓ ரிங், காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம். டேங்க் வாயில இருக்கிறது 015 சைஸ், உள்விட்டம் 14 மி.மீ., கனம் 1.78. கடையில 14க்கு 2 குடுப்பான், வாங்காதே. கறுப்பு நைட்ரைல் ரப்பர் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சிக்கினு, டேங்க்கைக் கழட்டுன ஒடனே பொரி மாதிரி உப்பும், கிழியும். யூரித்தேன் கேட்டு வாங்கு. மண்ணெண்ணெய்ல கழுவாதே. தேங்கா எண்ணெய் போடறவங்களுக்கு ஒரு கும்பிடு. குண்டைத் தள்ளுற போல்ட்டுக்கு சிலிகான் எண்ணெய் மூணு சொட்டு போதும். கடல்காத்து படற வீடுன்னா உள்ள இருக்கிற இரும்பு ஸ்பிரிங்கைத் தொடச்சு மெல்லிசா எண்ணெய் காட்டி வை, இல்லாட்டி மூணாவது வாரம் காவிப்பொடிதான்.

எண்ணூர் ஸ்ப்ரே

மார்க்கர் உடம்புக்குப் பெயின்ட் அடிச்ச கதை. ரெண்டு பாதி உடம்பையும் தனித்தனியா அடிச்சு, சேர்க்கும்போது நடுவுல தலைமுடி நுழையற இடைவெளி. காரணம்: சேர்ற முகத்துலயும் பெயின்ட். அந்த முகம், போல்ட் ஓடுற குழி, மரை எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத்தான் அடிக்கணும். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதல்ல அடிக்கிற பூச்சு) இல்லாம அடிச்சா நகத்துல சுரண்டினாலே பெயர்ந்து வரும். மழைக்காலச் சாயங்காலத்துல அடிக்காதீங்க, வெள்ளை பூத்துடும்.

தண்டையார்பேட்டை 68

குழல் மாத்தினவங்க யாரும் பேசலையே? 14 அங்குலக் குழல் வாங்கி மாட்டினதும் ஹாப்பர்ல (மேல மாட்டுற குண்டு டப்பா) பாதி குண்டு உள்ளேயே உடைஞ்சுது. குழல் மேல பழி. அளந்து பார்த்தா குழல் சரி, குண்டுதான் ஊதியிருக்கு. 0.68 அங்குலம்னா 17.27 மி.மீ. வரணும். வெர்னியர்ல ஒரு பக்கம் 17.5, இன்னொரு பக்கம் 17.7. தோல் ஜெலட்டின், நம்ம காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். பை பிரிச்சா அன்னைக்கே தீர்த்துடணும், இல்லைன்னா காத்துப் புகாத டப்பா. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்க்கும்.

வாயால ஊதுற சோதனை தெரிஞ்சதுதான்: குழலைத் தனியா கழற்றிட்டு, பின்பக்கம் குண்டைப் போட்டா தானா விழக் கூடாது, லேசா ஊதினா வெளியே வரணும். ஒரு குண்டை நாலு பக்கம் திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க.

உள்ளே பளபளப்பாக்கணும்னா பருத்தித் துணி சுத்தின மரக்குச்சி, மெட்டல் பாலிஷ், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டு ட்ரில்லுல ஓட்டின குழல் ஒரே சீரா இல்லாம அகலமாகிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

வண்ணை வைஸ்

காசிமேடு தம்பி, நைட்ரைல் மேல அவ்வளவு கோபம் வேண்டாம். உயரழுத்தக் காத்து டேங்க்னா நைட்ரைலும் ஓடும்.

கொருக்குப்பேட்டை லேத்து

850 நம்ம ஊர் கணக்கு இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா எடை எழுதினா மட்டும் போதாது தம்பி. டேங்க்கை மார்க்கர்ல இருந்து கழற்றும்போது சில சமயம் டேங்க் சுத்தும், வால்வ் மட்டும் மார்க்கரோட ஒட்டிக்கிட்டு நிக்கும். பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்போ கழல்றது டேங்க் இல்ல, வால்வோட கழுத்து. அது முழுசா கழன்றா டேங்க் ராக்கெட்.

வீட்டுல இருக்கிற நெயில் பாலிஷ் எடுத்து, வால்வுல இருந்து டேங்க் கழுத்து வரைக்கும் நேரா ஒரு கோடு இழுங்க. கழற்றும்போது கண்ணு கோட்டு மேலயே இருக்கணும். கோடு ரெண்டாப் பிரிஞ்சு நகர்ந்தா அந்த நொடியே நிறுத்திட்டு, வந்த வழியே திருப்பி இறுக்குங்க. வெறும் ஷாட் விட்டுக் காலி பண்ணின பிறகுதான் அடுத்த வேலை. சிவப்பு பாலிஷ் நல்லாத் தெரியும்.