புல்லுக்குப் பின்னால் தேவதைகள்: வரையத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

நண்பர்களே, வணக்கம். விக்டோரியா கால இங்கிலாந்தின் தேவதை ஓவியங்கள்மேல் எனக்குத் தீராத மோகம். அவற்றுள் ரிச்சர்ட் டாட் வரைந்த ‘தி ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர்-ஸ்ட்ரோக்’ தான் எனக்கு உச்சம். லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான எண்ணெய் வண்ண ஓவியம். உயரம் 54 செ.மீ., அகலம் 40 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. பெத்லெம் மனநல மருத்துவமனையில் இருந்தபோது 1855 முதல் 1864 வரை அதை வரைந்தார்; அப்படியும் முடிக்கவில்லை. கொட்டையைப் பிளக்கக் கோடரி ஓங்கி நிற்கும் ஒருவன், சுற்றிலும் டெய்சிப் பூக்கள், குட்டி மனிதர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் குறுக்கும் நெடுக்குமாகப் புல்தாள்கள். அந்தப் புல்தான் நம்மை ஒளிந்து பார்ப்பவர்களாக்குகிறது. சிறகுகளைவிட அதுவே பெரிய மாயம் என்பேன்.

அதே உத்தியை நீர்வண்ணத்தில், கெட்டியான பருத்தித் தாளில் முயல விரும்புகிறேன். டாட் அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றினார். நீர்வண்ணம் அடிநிறத்தைக் காட்டிவிடும் என்பதால், அதில் வெளிர் நிறப் புல்லைக் கருமையான பின்னணிமேல் அப்படி ஏற்ற முடியாதே! மாஸ்கிங் திரவத்தால் (தாளில் வண்ணம் ஒட்டாமல் தடுத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) புல்தாள்களை முதலிலேயே மறைத்துவிடலாமா? உரிக்கும்போது விளிம்பு முரடாகிவிடுமா? அல்லது கடைசியில் குவாஷ் (அடிநிறத்தை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) கொண்டு வரைவது நல்லதா? புல்லின் மெல்லிய நிழல் முகங்கள்மேல் விழ வேண்டும், ஆனால் அடியில் உள்ள வண்ணம் கலங்கக் கூடாது. இதற்கு எந்தத் தூரிகை, எத்தனை அடுக்கு? நுண்ணோவியம் பழகியவர்கள் தங்கள் ஓவியத்தின் ஒரு மூலையையாவது படமெடுத்துப் போட்டு விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.