இதயப் படத்தைத் தொட்டுப் படிக்கச் செய்வது எப்படி?

கேள்வி (அறிவியல் ஆசிரியர்):

என் ஒன்பதாம் வகுப்பில் பிறவியிலேயே பார்வை இல்லாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். பிரெயிலை வேகமாகப் படிப்பாள். போன வாரம் இதயப் பாடத்துக்காக, பாடநூலில் உள்ள குறுக்குவெட்டுப் படத்தை அட்டையில் அப்படியே வரைந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் பசையைப் பிழிந்து, இரவு முழுக்கக் காயவைத்துக் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "சார், கோடு நிறைய இருக்கு. எது எதோட கோடுன்னு தெரியல" என்றாள். தப்பு தன்னுடையது என்பதுபோல் அவள் முகம் சுருங்கியதுதான் என்னை உறுத்துகிறது.

சூடு பட்டால் கோடு புடைத்து எழும் தாள் இருக்கிறதாமே? அதை வாங்கினால் சரியாகிவிடுமா? அடுத்து கணக்கில் வரைபடப் பாடமும் வருகிறது.

பதில் (சிறப்பாசிரியர்):

அந்தத் தாளை நான் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். அதன் பூச்சில் நுண்ணிய குமிழ்கள் இருக்கும். கரி கலந்த கறுப்பு மையில் வரைந்து சூடேற்றும் கருவிக்குள் விட்டால், கறுப்பு மட்டும் அதிக வெப்பத்தை இழுத்துப் புடைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் படத்தை அதில் அச்சிட்டால் அதே சிக்கல்தான் புடைத்து நிற்கும். பிரச்சினை பொருளில் இல்லை, படத்தில் இருக்கிறது.

கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பிடித்துவிடும். விரல் துண்டு துண்டாகச் சேகரித்து மனதுக்குள் ஒட்டவேண்டும். அதனால் படத்தைப் பிரியுங்கள். முதல் தாளில் வெளிக்கோடும் நான்கு அறைகளும் மட்டும். இரண்டாவதில் இரத்தக் குழாய்கள். இரத்தம் ஓடும் வழிக்குத் தனியாக ஒரு தாள்.

அப்புறம் இடைவெளி. பிரெயில் எழுத்தில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய 2.5 மி.மீ. இருக்கும். கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ.யாவது விடுங்கள். பாடநூல் படத்தில் குழாயின் இரண்டு சுவர்களும் ஒட்டியே கிடக்கும், விரலுக்கு அது ஒரே கோடு. படத்தைப் பெரிதாக்கத் தயங்காதீர்கள். நடுச்சுவருக்கு முறுக்கிய கயிறு, வெளிக்கோட்டுக்கு மெல்லிய நூல், ஒரு பக்கத்து அறைகளுக்கு உப்புத்தாள், மறுபக்கம் வழவழப்பான துணி என்று பொருளே பேசட்டும். பெயர்களைப் படத்துக்குள் திணிக்காமல், ஓரிரு பிரெயில் எழுத்து மட்டும் வைத்து விளக்கத்தைத் தனித்தாளில் கொடுங்கள்.

இன்னொன்று, பல்சக்கரத்தால் தாளின் பின்பக்கம் அழுத்திக் கோடு எழுப்புவதானால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வரையவேண்டும். இல்லாவிட்டால் இதயம் இடம் வலம் மாறிப்போகும். படத்தில் இதயத்தின் வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வருவதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். எதிரில் நிற்பவரின் இதயம் என்று சொன்னால் புரியும்.

பதில் (பார்வையற்ற வாசகர்):

நானும் இப்படிப் படித்துத்தான் வந்தேன். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சி எடுக்கும் படங்கள் எங்களிடம் நிறைய இருந்தன. வியர்த்த விரல் அதில் ஒட்டிக்கொள்ளும், வழுக்காது. எனக்குக் காகிதம்தான் பிடிக்கும்.

படத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் அது என்ன, மேல்பக்கம் எது, எங்கே தொடங்கவேண்டும் என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அது இல்லாமல் தடவுவது பெயர் தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி.

வரைபடத்தை அவளையே வரையவிடுங்கள். ரப்பர் பாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஸ்டைலஸால் கோடு இழுத்தால், இழுத்த பக்கத்திலேயே கோடு எழும். ஒரு வளைகோட்டை என் கையாலேயே புள்ளி புள்ளியாக வைத்துச் சேர்த்த அன்றுதான் சமன்பாடு எனக்குள் இறங்கியது. கட்டக் கோடுகள் மட்டும் மிக மெல்லியதாக இருக்கட்டும். வளைகோட்டோடு போட்டி போடக்கூடாது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று தாளாகப் பிரித்துச் செய்தேன். இடது கீழறையின் சுவருக்கு மட்டும் இரட்டைக் கயிறு ஒட்டியிருந்தேன், ஆனால் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் தாளைத் தடவி முடித்தவள், "இந்தச் சுவர் மட்டும் ஏன் சார் இவ்வளவு தடிமன்?" என்று கேட்டாள். உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளுவது அந்த அறைதான் என்றேன். பார்வையுள்ள பிள்ளைகள் யாரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. அந்தத் தாளை இப்போது வகுப்பு முழுக்கக் கைமாற்றித் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ரப்பர் பாய் தேடிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தடிமன் இருந்தால் கோடு நன்றாக எழும்?