பொருள்: பந்தயத் திடலில் கேட்கும் ஸ்கானருக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

கொக்குவிலிலிருந்து:

அன்புடையீர், வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கான கைநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மோட்டார் பந்தயத்தில் வானொலித் தொடர்பு என்ற பாடத்தில் வேலை நிற்கிறது.

அமெரிக்காவில் நாஸ்கார் என்ற கார்ப் பந்தயங்களிலும் சின்ன ஊர்த் திடல்களிலும் பார்வையாளர்கள் காதை மூடும் ஹெட்போனும் கைக்கடக்கமான ஒரு பெட்டியும் வைத்திருப்பார்கள். ஓட்டுநரும் அணியினரும் பேசுவது, உயரத்தில் நின்று பக்கத்துக் கார்களைப் பார்த்து ஓட்டுநருக்குச் சொல்லும் ஸ்பொட்டர் ‘வெளிப்பக்கம் ஒரு கார், இன்னும் இருக்கு, சரி போயிட்டுது’ என்று சொல்வது, எல்லாம் அதில் கேட்கும். பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போய், பேச்சு இருக்கும் இடத்தில் அது நிற்கும். இதற்கு என்ன சொல்? ‘ஸ்கானர்’ என்று போட்டால் ஆஸ்பத்திரி ஸ்கான்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருகிறது.

சுன்னாகத்திலிருந்து:

படம் எடுக்கும் ஸ்கானருக்கு ‘வருடி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. முன்னால் ‘அலை’ சேருங்கள்: அலைவருடி. வேலை முடிந்தது.

புலோலியிலிருந்து:

தம்பி, அவ்வளவு கெதியாக முடிக்க வேண்டாம். வருடுதல் என்பது தடவிக்கொடுத்தல். கை எடுபடாமல் போகும். இந்தக் கருவி அப்படியா செய்கிறது? ஒவ்வொரு அலைவரிசையையும் தொட்டு எடுத்து, அடுத்ததைத் தொடுகிறது. அதற்குத் தமிழில் வினை ‘ஒற்று’. ஒத்தடம் என்று நாம் சொல்வது ஒற்றடம். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றே பெயர். இனி, வேவு பார்ப்பவனும் ஒற்றன்தான். குறளில் ஒற்றாடல் அதிகாரத்தில் ‘மறைந்தவை கேட்கவற் றாகி’, அதாவது மறைந்ததைக் கேட்டறிய வல்லவனாகி, என்று வருகிறதே, தொடுதலும் கேட்டலும் ஒரே வேரில் நிற்கின்றன. அலையொற்றி என்பதே சரியான சொல்.

நல்லூரிலிருந்து:

ஐயா, வேர் நல்லாயிருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘ஒற்றி’ என்றால் சனத்துக்குக் காணிதான் முதலில் ஞாபகம் வரும். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பதுதான் எங்கள் தேசவழமைச் சட்டத்தில் ஒற்றி. நானே எத்தனையோ ஒற்றி உறுதி எழுதியிருக்கிறேன். அலையொற்றி என்று வாசிப்பவர் அலைவரிசையை ஈடு வைத்த கதை என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று, வேவு என்ற பொருள் இந்த மண்ணில் சும்மா விளையாட்டல்ல. கையில் வோக்கிடோக்கி இருந்தாலே பிரச்சினையாய் இருந்த காலத்தைக் கண்டவர்கள்தான் இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன். ஒற்று, ஒட்டுக்கேட்பு இரண்டும் பாடநூலுக்கு வேண்டாம். இலங்கையில் இப்படியான வானொலித் தொடர்புக் கருவி வைத்திருக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

உரும்பிராய், இப்போது ரொறன்ரோ:

நான் இந்தக் கருவியைத் திடலில் பிடித்திருக்கிறேன், அதனால் ஒரு சொல். அங்கே யாரும் களவாகக் கேட்பதில்லை. நாஸ்காரில் எந்தக் காருக்கு எந்த அலைவரிசை என்று தாளில் அச்சடித்தே விற்பார்கள், கருவியும் வாடகைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹேட்ஸுக்குள் சாதாரண எஃப்எம் பேச்சு. ஃபோர்முலா வன்னில் வெளியாருக்கு விளங்காதபடி மறையாக்கம் செய்து அனுப்புவதால் அங்கே இந்தப் பெட்டி உதவாது. ஒளிபரப்பில் வருவதைத்தான் கேட்கலாம்.

கருவியின் உயிர் ஸ்குவெல்ச் என்ற குமிழில் இருக்கிறது. அதை மெல்லத் திருகினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஓர் இடத்தில் பட்டென்று அடங்கும். அதற்குச் சற்று மேலே வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் இரைச்சலையே பேச்சென்று எடுத்து முதல் அலைவரிசையிலேயே நின்றுவிடும், ஓடாது. கூட்டி வைத்தால் தூரத்து மூலையில் இருக்கும் காரின் மெல்லிய குரல் தவறிப்போகும். பேச்சு முடிந்தாலும் உடனே நகராது, மறுமொழி வருமா என்று ஓரிரு வினாடி காத்திருக்கும். நிற்கத் தெரிந்ததுதான் இந்தக் கருவியின் கெட்டித்தனம். வருடிக்கும் ஒற்றிக்கும் அது இல்லை. ‘அலைதேர்வி’ என்று யோசித்துப் பாருங்கள். தேர்தல் என்றால் தேடுதலும் ஆகும், தெரிந்தெடுத்தலும் ஆகும்.

மானிப்பாயிலிருந்து:

ஏன் இந்தப் பாடு? எங்கள் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர் காலத்து இரசாயன நூலே ‘கெமிஸ்தம்’ என்ற பெயரோடு வந்தது. நாங்களும் ஒட்சிசன், ஐதரசன் என்று படித்துத்தான் சோதனை பாஸ் பண்ணினோம். தமிழ் அழிந்தா போனது? ஸ்கானர் என்றே விடுங்கள். நாளைக்குக் கருவியை வாங்கும் பிள்ளை பெட்டியில் அதைத்தான் வாசிக்கும்.

புலோலியிலிருந்து:

ஒட்சிசன் ஒரு பொருளின் பெயர். இது ஒரு செயலின் பெயர். செயலுக்கு நம்மிடம் வினை இருக்கும்போது கடன் எதற்கு? தொல்காப்பியர் ‘வடவெழுத்து ஒரீஇ’ என்றது, வடசொல்லை எடுத்தாலும் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுத வேண்டும் என்பதற்கு. அப்படியே கடன் வாங்கினாலும் ‘இசுக்கானர்’ என்று எழுதுவீர்களா?

சுன்னாகத்திலிருந்து:

‘தேர்வி’ என்றால் சோதனை மண்டபம்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். வருடியைத் திரும்பவும் முன்மொழிகிறேன்.

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லாததால், தனியாகச் சொன்னவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்: அலைவருடிக்கு நால்வர், அலைதேர்விக்கு இருவர், ஸ்கானருக்கு இருவர், அலையொற்றிக்கு ஐயா ஒருவர். பாடத் தலைப்பில் ‘அலைவருடி’ என்றும், முதல் பந்தியில் ‘ஸ்கானர் எனப்படும் அலைவருடி’ என்றும் வைக்கிறேன். நின்று கேட்கும் விதத்தையும் குமிழையும் ரொறன்ரோ அண்ணை சொன்னபடியே விளக்கமாக எழுதிவிட்டேன். சொல்லில் இல்லாதது பாடத்தில் இருக்கும்.

புலோலியிலிருந்து:

கூடிய வாக்குக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. தடவிக்கொண்டு போகிற ஒன்று எப்படி நிற்கும் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அடுத்த பதிப்பு வரும்போது இந்த மடலைத் திரும்ப அனுப்புவேன்.

ரொறன்ரோவிலிருந்து:

ஸ்குவெல்ச்சுக்கு ‘இரைச்சல் மறிப்பி’ சரியா? வெள்ளிக்கு முன் யாராவது சொல்லுங்கள்.