மொரிசியஸில் ஒரு நாள்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்
வணக்கம். இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவோடு மொரிசியஸ் போகிறேன். டூர் வேன் பிடிக்காமல், பஸ்ஸிலேயே ஒரு நாள் சுற்ற ஆசை. கியூர்பிப் நகரின் எரிமலை வாய், அப்புறம் எரிமலைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய கங்கா தலாவ், அங்கே 108 அடி சிவன். சமாரெலின் ஏழு நிற மண்ணையும் விட மனமில்லை. எரிமலைப் பாறை சிதைந்து, இரும்பு, அலுமினியச் சத்துகளால் சிவப்பும் ஊதாவுமாகக் கிடக்கும் மண் அது.

ஆனால் அம்மா கேட்பது புவா ஷெரி தேயிலைத் தோட்டம்தான். கொழுந்து பறித்தே விரல் நுனி கறுத்தவர்; அந்த ஊர்க் கொழுந்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். முழங்கால் வலி, மேடு ஏற முடியாது.

எங்கே முதலில் போகலாம்? கங்கா தலாவிலிருந்து மாலையில் திரும்பப் பஸ் கிடைக்குமா? சமாரெலை விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.